வில் ஒடிந்ததற்குக் காரணம்

என் மனைவி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தபோது, கோயில் வில்லை ஒடித்தது அவள்தான் என்று அவளுடைய சொந்த அண்ணனே மைக்கில் சொன்னார். அன்றைக்கு ஏறிய கோபத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் ஆறப்போட்டு எழுது என்றார் ஒரு நண்பர். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதிவிடுகிறேன்.

முதலில் வில். ஈப்போவுக்குத் தெற்கே, சிம்பாங் பூலாய் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் எங்கள் அம்மன் கோயில் இருக்கிறது. இப்போது ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மறுபக்கம் வரிசை வரிசையாகப் புது வீடுகள். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஈப்போ பக்கம் குடிபோய் ஆளுக்கொரு வேலையில் இருக்கிறோம். திருவிழாவுக்குக் கூடுவோம். நவராத்திரி ஒன்பது நாள் முடிந்து பத்தாம் நாள் அம்மன் குதிரை வாகனத்தில் புறப்பட்டுத் திடலுக்கு வருவாள். அங்கே ஒரு வாழைமரம் நட்டிருக்கும். அம்மனுக்காகப் பூசாரி அதன்மேல் அம்பு போடுவார். சில கோயில்களில் ஏதோ ஒரு அலங்கார வில்லை நீட்டிக்காட்டிவிட்டு அம்பைக் கையால் வீசுவார்கள். எங்களிடம் அந்தக் கதை நடக்காது. நிஜ வில், நிஜ நாண். அம்பு பாய்ந்து வாழையில் குத்தி நிற்க வேண்டும்.

வில்லை எந்த மரத்தில் வேண்டுமானாலும் செய்துவிடவும் முடியாது. கோயிலுக்குப் பின்னால் மிச்சம் நிற்கும் இருபது கித்தா மரத்தில் ஒன்றிலிருந்துதான் கட்டை எடுக்க வேண்டும். ரப்பரைத்தான் நாங்கள் கித்தா என்போம். அது நாற்காலிக்கு நல்ல மரம், வில்லுக்குச் சனியன். வெட்டிய ஒரு வாரத்தில் நீலப் பூசணம் பூக்கும், பூச்சி ஏறும். காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். நான் ஒரு தளவாடக் கடையில் அலமாரி செய்கிறவன். மரவேலை தெரிந்தவன் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருஷம் பன்னிரண்டு வில் செய்து கொடுத்தேன். ஒன்றுகூட ஒடியவில்லை. காப்புக் கட்டும் நாளில் வில்லை வாங்கி அம்மன் காலடியில் சாத்துவார்கள். ஒன்பது நாள் பூசை, பத்தாம் நாள் அம்பு, மறுநாள் வில்லை ஆற்றில் விட்டுவிடுவார்கள்.

பதின்மூன்றாவது வில்தான் ஒடிந்தது.

அந்த வருஷம் மே மாதத்தில் என் மனைவி போய்விட்டாள். சர்க்கரை கிட்னியைத் தின்று, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு மூன்று நாள் என்று இரண்டு வருஷம் அலைந்து, கடைசியில் ஒரு புதன்கிழமை முடிந்தது. சாவு வீட்டுக்காரன் ஒரு வருஷம் கோயில் படி ஏறக்கூடாது. அது எனக்கும் தெரிந்த விஷயம்தான். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். வேறு ஆள் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். அவர் கமிட்டியைக் கூட்டிப் பேசி, வில்லை நான் செய்யலாம், கோயிலுக்குள் மட்டும் வரக்கூடாது என்று ஒரு முடிவு கண்டுபிடித்தார். என் கை வேண்டும், கால் வேண்டாம். அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் போன பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

காப்புக் கட்டும் நாள் காலையில் மச்சானிடமிருந்து போன் வந்தது.

“மச்சான், வில்ல கேட்டு வாசல்லயே குடுத்துட்டுப் போயிருங்க. உள்ள மட்டும் வந்துராதீங்க. பொம்பளைங்க பாத்தாங்கன்னா சும்மா சும்மா பேசுவாங்க லா.”

உள்ளே வருகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. சொல்லாததற்கு எச்சரிக்கை. மோட்டார் சைக்கிளில் போய்க் கேட்டுக்கு மேலாக வில்லைப் பூசாரியின் கையில் கொடுத்தேன். அவர் துண்டை விரித்து அதில் வாங்கினார், என் கை அவர்மேல் படாதபடி. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

பத்தாம் நாள் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திடலுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், கால்வாய் ஓரமாக மோட்டாரை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் மறைத்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உறுமி அடங்கியது. பூசாரி வில்லை இழுக்கிறார் என்று புரிந்தது. ‘படக்’ என்று ஒரு சத்தம். நாண் விட்ட சத்தத்துக்கும் மரம் ஒடியும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா? பெண்கள் “ஐயோ” என்றார்கள். பிறகு மைக்கில் மச்சான்.

“யாரும் பயப்பட வேண்டாம். அம்மனுக்கு ஒரு கொறையும் இல்ல. வருஷம் முடியாத வீட்டுலேருந்து வில்லு வாங்குனது நம்ம தப்பு. என் தங்கச்சிதான், போற போக்குல வில்லையும் ஒடிச்சிட்டுப் போயிருக்கா. பரிகாரம் செஞ்சிருவோம்.”

சாலைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் அதைக் கேட்டேன். அவளுக்கு நாற்பது வருஷம் அண்ணனாக இருந்தவர். ஆஸ்பத்திரியில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மைக்கில் சொன்னது வாய்க்கு வாய் போய்ப் பெரிதாகிவிட்டது. அவளுக்கு ஆசை அடங்கவில்லையாம். வீட்டில்தான் இருக்கிறாளாம். எங்கள் அடுத்த வீட்டுக்காரி என் மனைவிக்குச் சிநேகிதி. பத்து வருஷம் இரண்டு பேரும் காய்கறி வாங்க ஒன்றாகப் பாசாருக்குப் போவார்கள், ஒருத்தி குழம்பு வைத்தால் இன்னொருத்தி வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். அந்த அம்மாள் தன் பக்கத்து ஜன்னலைச் சாத்தியதைப் பார்த்தேன். பிறகு அது திறக்கவே இல்லை. ஜன்னல் கம்பியில் வேப்பிலை கட்டியிருந்தது. யாருக்குப் பயந்து? அவள் கையால் சாப்பிட்டவளுக்கு அவளிடம் என்ன பயம்?

அன்றைக்கே முடிவு செய்தேன். மரம் ஏன் ஒடிந்தது என்று கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து அத்தனை பேர் முகத்திலும் விட்டெறிவேன். என் பெண்டாட்டியின் பேரில் இருக்கிற அழுக்கை எடுக்காமல் விடமாட்டேன்.

ஒடிந்த துண்டுகளைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மச்சானுக்குப் போன் செய்தேன்.

“அதெல்லாம் அன்னிக்கே ஆத்துல விட்டாச்சு மச்சான்,” என்றார்.

ஆக, கையில் ஒன்றும் இல்லை. பூசாரி மட்டும் ஒரு நாள் டீக்கடையில் மாட்டினார். எங்கே ஒடிந்தது, எப்படி ஒடிந்தது என்று கேட்டேன்.

“கீழ்ப் பக்கம்ணே. கைப்பிடிக்குக் கீழ ஒரு சாண் எடத்துல. முறுக்கு ஒடிஞ்ச மாதிரி பட்டுனு போயிருச்சு.”

அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வில்லை இழுத்தால் அதன் வெளிப்பக்கம், அதாவது குறியைப் பார்க்கிற பக்கம், நீளும். இழுப்பவரைப் பார்க்கிற உட்பக்கம் நசுங்கும். இரண்டில் எது தாங்கவில்லையோ அங்கே போகும். கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு கிளையும் ஒரே மாதிரி வளைய வேண்டும். ஒன்று சோம்பேறியாக இருந்தால் மற்றது இரண்டு பேர் வேலையைச் செய்து செத்துப்போகும். குடும்பத்தைப் போலத்தான்.

கித்தா மரங்கள் நிற்பது கோயிலுக்குப் பின்பக்கம், சுவருக்கு வெளியே. அங்கே போக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரு கித்தா மரத்தைச் சாய்த்து, அவசரத்தில் அடிக்கட்டையையே பிளந்து, வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் நிழலில் அடுக்கினேன். ஈப்போ மழை தெரிந்ததுதானே. தினமும் மூன்று மணிக்கு வானம் கறுக்கும். மூன்று மாதம் கட்டையை உள்ளே எடுப்பதும் வெளியே வைப்பதுமாகப் போயிற்று. முதல் வில்லைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சுவரில் அடித்த கட்டையில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன். முழு இழுப்புக்கு நாலு விரல் இருக்கும்போது மேல் கிளை பிளந்தது. எடுத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஒரு முடிச்சு. ரப்பர்ப் பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் பட்ட காயம். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருக்கிறது. மேலே தோல் வழவழப்பாக இருந்தாலும் உள்ளே ரேகை சுழித்து ஓடியிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, காயம்! தோட்டத்துக் கத்திதான் ஒடித்தது, என் பெண்டாட்டி இல்லை! மச்சானிடம் காட்டத் துண்டை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கிளப்பி, பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. ஒடிந்த வில்லுக்கு நான் அடிக்கட்டையை எடுக்கவில்லை. கத்தி எட்டாத உயரத்திலிருந்து, கிளை பிரிகிற இடத்துக்குக் கீழேதான் எடுத்தேன். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். அங்கே காயத்துக்கு வழியே இல்லை. தவிரவும் இது நீளமாகச் சிம்பு சிம்பாகப் பிளந்திருந்தது, முறுக்கு மாதிரி ஒடியவில்லை. திரும்பி வந்து அந்தத் துண்டைச் சுவரில் அடித்தேன். சுவரில் இன்னும் தழும்பு இருக்கிறது.

இரண்டாவதை உயரத்துக் கட்டையில் செய்தேன். சரியாகக் காயாமல் போயிருக்குமோ என்ற சந்தேகத்தில் இதைக் காஸ் அடுப்பின் மேல் பிடித்து நன்றாகக் காயவைத்தேன். அது வெளிப்பக்கம் விரிசல் விட்டு, இழுத்தவுடன் நீளமாகக் கிழிந்தது. ஒரு சிம்பு என் முழங்கையில் ஏறியது. கிளினிக்கில் டாக்டர் அம்மா எப்படிப் பட்டது என்று கேட்டபோது வில் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தடுப்பூசி எழுதினார்.

மூன்றாவது வில் நன்றாக வந்தது. கட்டை, காய்ந்த பதம், கனம் எல்லாம் ஒடிந்த வில்லின் கணக்கேதான். வேண்டுமென்றே கீழ்க் கிளையை ஒரு நூல் அளவு மெலிதாக்கினேன். என் வளைவுக் கணக்கில் பிசகு இருந்திருந்தால் இது ஒடிய வேண்டும். நாண்கூட அதே நாண்தான், மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் வலைக்கு விற்கிற நூலை முறுக்கி மெழுகு போட்டது. வீட்டுக்குப் பின்னால் மண்மூட்டையை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அம்பு விட்டேன். அம்பது, நூறு, இருநூறு. வில் என்னைப் பார்த்துச் சிரித்தது. கோயிலில் ஒரே ஒரு அம்புக்கு ஒடிந்தது என் வீட்டில் இருநூறுக்கும் ஒடியவில்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் விசித்திரமானது. வில் ஒடிந்தால் கோபம், ஒடியாவிட்டால் அதைவிடக் கோபம். இரவு பகல் இதே நினைப்பு. ஒரு கட்டத்தில், சொல்லவே கேவலமாக இருக்கிறது, ஒருவேளை அவர்கள் சொல்வது உண்மையாக இருக்குமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்படி என்னை நினைக்கவைத்தார்களே என்று அதற்கும் சேர்த்து அவர்களைத் திட்டினேன்.

மே மாதம் அவளுடைய முதல் வருஷத் திவசம் முடிந்தது. தீட்டு கழிந்துவிட்டது, இனிமேல் நான் கோயிலுக்குள் போகலாம். சாமி கும்பிடவெல்லாம் போகவில்லை. நேரே பூசாரியிடம் போனேன். வீட்டில் நடக்காத ஏதோ ஒன்று கோயிலில் நடந்திருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது.

“அந்த ஒம்பது நாளும் வில்ல என்னா செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“என்னாண்ணே செய்யப் போறோம்? காலடியில சாத்தி வச்சோம். காலையில சாயங்காலம் அபிஷேகம். பால், மஞ்சத் தண்ணி எல்லாம் அது மேலயும்தான் ஊத்துச்சு. எல்லா வருஷமும் அப்படித்தானே.”

எல்லா வருஷமும் அப்படித்தான். ஆனால் பன்னிரண்டு வில்லும் ஒடியவில்லையே. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, தலைவர்கிட்ட சொல்லிறாதீங்க. வில்லு ஆத்துல விடல. ஒடஞ்சத விடலாமா கூடாதான்னு தெரியல. ஸ்டோருலதான் இருக்கு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவருதான் சொன்னாரு.”

எட்டு மாதம்! எட்டு மாதம் மழையோடு மல்லுக்கட்டி மூன்று வில் செய்திருக்கிறேன், துண்டு இங்கே ஸ்டோர் அலமாரி மேல் மஞ்சள் துணியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவரைத் திட்டக்கூட நேரமில்லை. துணியை அவிழ்த்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன்.

உட்பக்கத்தில், கீழ்க் கிளையில், மயிரிழை போலக் குறுக்குக் கோடுகள் ஏழெட்டு. மரம் நசுங்கிச் சுருங்கிய கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் மஞ்சள் இறங்கியிருந்தது. ஒடிந்த முகத்தைத் திருப்பினேன். வெளிப்பக்கம் முக்கால் பாகம் வெள்ளை, அது அன்றைக்கு ஒடிந்தது. உட்பக்கம் கால் பாகம் நல்ல மஞ்சள். மஞ்சள் தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் கோடு அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும். பூசாரி இழுப்பதற்குப் பல நாள் முன்பே, யாரும் தொடாமல் நின்ற இடத்திலேயே, வில் உள்ளே ஒடிந்துகொண்டிருந்திருக்கிறது. சும்மா நிற்கிற மரம் நசுங்காது. நாண் ஏற்றி வளைத்து நிறுத்தினால்தான் நசுங்கும். வளைந்தபடியே ஒன்பது நாள், கீழ்ப்பாதி அபிஷேகத் தண்ணீரில் ஊறி. எந்த மரமானாலும் போய்விடும், கித்தா எம்மாத்திரம்.

கண்டுபிடித்துவிட்டேன். வில்லை வேலை இல்லாதபோது நாண் இறக்கித்தான் வைக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமும் நாணை ஒரு முனையில் மட்டும் தொங்கவிட்டுத்தான் கொடுத்தேன். பத்தாம் நாள் நானே வந்து வாகனத்துக்குப் பின்னால் நின்று ஏற்றிக் கொடுப்பேன்.

“யாரு நாணு ஏத்துனது?” என்று கத்தினேன். கர்ப்பகிரகம் வரை கேட்டிருக்கும். “எந்த மடையன் இத ஏத்தி வச்சது? சொல்லுங்க, அவன இன்னிக்கி நான் சும்மா விடப்போறதில்ல!”

பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரிதாபமாகத்தான் பார்த்தார்.

“நீங்கதாண்ணே. குடுக்கறப்பவே ஏத்தித்தான் இருந்துச்சு. தோளுல மாட்டிக்கிட்டு மோட்டாருல வந்தீங்களே.”

உண்மை. கடைசியாக ஒரு தடவை வளைவு பார்க்கலாம் என்று அன்று காலை நாண் ஏற்றினேன். அப்போதுதான் மச்சானின் போன் வந்தது. உள்ளே வந்துவிடாதீர்கள் என்ற அந்தப் போன். வைத்தவுடன் கோபத்தில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நாண் ஏற்றிய வில்தான் தோளில் வாகாக மாட்டும். கேட்டுக்கு மேலாக நீட்டினேன், கையைப் பார்த்தேன், துண்டைப் பார்த்தேன், வில்லைப் பார்க்கவில்லை. பூசாரிக்கு அதெல்லாம் தெரியாது. இந்தத் தடவை நான் உள்ளே வர முடியாததால் முன்பே ஏற்றிக் கொடுக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் என்னை உள்ளே விட்டிருந்தால் பார்த்த மாத்திரத்தில் இறக்கியிருப்பேன். அதுவும் உண்மை. ஆனால் ஏற்றியது நான். எட்டு மாதமாக மரத்தில் தேடினேன், கத்தியில் தேடினேன், மழையில் தேடினேன், மச்சானின் வாயில் தேடினேன். என்னிடம் மட்டும் தேடவில்லை.

அங்கிருந்து நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் லாரி டயரைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டுகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார்.

“நாணு கீணெல்லாம் எனக்குத் தெரியாது மச்சான். ஆனா இது ஒங்க வேலையில வந்த கோளாறுன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தங்கச்சி என்னா செஞ்சா, பாவம்.”

“பின்ன ஏன் மைக்குல அப்படிச் சொன்னீங்க?”

“கமிட்டில நாலு பேரு அங்கயே ஒங்கள ஏச ஆரம்பிச்சிட்டாங்க. அம்மனுக்கே ஒடஞ்ச வில்லக் குடுத்துட்டான், இனிமே அவன்கிட்ட வாங்கக் கூடாதுன்னு. ஏதாச்சும் சொல்லி அடக்கணும்ல? செத்தவளுக்கு என்னா மச்சான் போவப் போவுது? நீங்கதான் நாலு பேரு மொகத்துல முழிக்கணும்.”

அடிக்கக் கை எழுந்தது. பொய் சொல்லவில்லை. செத்தவளுக்கு என்ன போகுமா? அவளுக்கு இருந்தது ஒரு பேர்தானே. என் பேரைக் காப்பாற்ற அவள் பேரை எடுத்துக் கால் துடைத்திருக்கிறார், அதுவும் என்மேல் உள்ள பிரியத்தில்! கண்டபடி திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியாகச் சொன்னார்.

“சரி மச்சான், என்னைய எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. ஆனா இப்ப போயி வெளிய சொல்லி வீணா சூசாவ இழுத்து விட்டுக்காதீங்க. எல்லாம் ஆறிப்போச்சு. இந்த வருஷ வில்ல நல்லா செஞ்சு குடுங்க, அது போதும்.”

நான் மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதின்மூன்று வருஷ வேலைக்காரன், கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பைச் செய்தான் என்று நாலு பேர் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று விட்டுவிட்டேன். மச்சானைத் திட்டுவது சுலபமாக இருந்தது, அதனால் வீட்டில் தனியாக உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே அந்த வருஷ வில்லைச் செதுக்கினேன். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று, நவராத்திரியும் வந்துவிட்டது.

இந்தத் தடவை நாணை இறக்கிக் கொடுத்தேன். பத்தாம் நாள் நானே உள்ளே போய் ஈரத்தைத் துடைத்து, நாண் ஏற்றிப் பூசாரியின் கையில் கொடுத்தேன். துண்டு விரிக்காமல் வாங்கினார். உறுமி அடங்கியது. அம்பு போய் வாழைத்தண்டில் ஒரு சாண் இறங்கி நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மச்சான் மைக்கைப் பிடிக்கும் வரை.

“அம்மன் மனசு குளுந்துருச்சு! போன வருஷத்துத் தீட்டெல்லாம் கழிஞ்சிருச்சு!”

ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “வருஷம் முடிஞ்சதும் வில்லு எப்படி நின்னுச்சு பாத்தீங்களா அண்ணே?” என்றார் ஒருவர். “சுத்தமா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்,” என்றார் இன்னொருவர். ஒரு வருஷம் பாடுபட்டு நான் செய்த நல்ல வில்லே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவள் தீட்டு இருந்தபோது ஒடிந்தது, அது கழிந்ததும் நின்றது, அவ்வளவுதான் இவர்களுக்கு. அதற்கு நானும் வாயை மூடிக்கொண்டு துணை நின்றிருக்கிறேன்.

மேடையேறி மச்சான் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

“போன வருஷம் வில்லு ஒடிஞ்சது என் தப்பு. நாண எறக்காம குடுத்துட்டேன். ஒம்பது நாளு வளஞ்சி நின்னு, தண்ணியில ஊறி, உள்ளுக்குள்ளயே ஒடஞ்சி போச்சு. வேல தெரிஞ்சவன் எவனும் செய்ய மாட்டான், நான் செஞ்சேன். தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பொண்டாட்டி ஒடிக்கல. இனிமே எவனாச்சும் அவ பேரச் சொன்னீங்கன்னா நல்லா இருக்காது.”

கத்தித்தான் சொன்னேன். மைக் கீச்சிட்டது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கமிட்டிக்காரர் ஒருவர், “இதெல்லாம் மைக்குலயாண்ணே பேசுறது?” என்று முணுமுணுத்தபடி மைக்கை வாங்கி, அன்னதானம் தயார் என்று அறிவித்தார். கூட்டம் கலைந்து இலை போட்ட பக்கம் போயிற்று. யாரும் என்னிடம் வரவில்லை. வராதது எனக்கு நல்லதாகவே பட்டது.

கால்வாய் ஓரத்தில் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு அம்மாள் வந்து நின்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

“அப்ப அவ இல்லியாண்ணே?”

“அவ இல்ல. நான்தான் சொன்னேன்ல, என் தப்பு.”

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழட்டும் என்று நினைத்தேன். எனக்கு அவள்மேல் கோபம் ஆறவில்லை, ஜன்னல் வேப்பிலை கண்ணிலேயே இருந்தது. நன்றாக நாலு கேட்க வேண்டும் என்று வார்த்தைகூடத் தயாராக இருந்தது.

“எப்பண்ணே தெரிஞ்சிச்சு ஒங்களுக்கு?”

“தெவசம் முடிஞ்ச ஒடனே. நாலஞ்சு மாசம் இருக்கும்.”

அவள் அழுகை நின்றுவிட்டது. என்னையே பார்த்தாள்.

“நாலஞ்சு மாசமாவா? அவ நெனப்பு வராத நாளில்ல எனக்கு. பயந்து பயந்து படுத்தேன், அவ பேரச் சொல்லிக் கும்பிடக்கூட இல்ல. நான் செவுத்துக்கு அந்தப் பக்கம்தானே இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே?”

அவளிடம் கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் இப்போது என்னைத்தான் கேட்டன. குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடிவிட்டுப் போய்விட்டாள்.